ஒரு கிட்டார், பன்னிரண்டாயிரம் ரூபாய், ஒலிப் பாடம்

எட்டாம் வகுப்பு அறிவியலில் ஒலி இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் மீண்டும் ஒலி. பத்தாம் வகுப்பில் ஒலியியல். மேல்நிலை முதலாண்டு இயற்பியலுக்குப் போனால், இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வு விதிகளும் சுரமானியும் வந்துவிடுகின்றன. இசைக்கவை, ரப்பர் வளையம், தீப்பெட்டித் தொலைபேசி ஆகியவற்றை வைத்தே இந்தப் பாடங்களை நடத்திப் பழகியவள் நான். சென்ற கல்வியாண்டில் அந்த இடத்தை ஒரு கிட்டார் பிடித்துக்கொண்டது. அது பாடத்துக்காக வந்த கிட்டார் அல்ல. எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு ஒரு கிட்டார் வாங்க வேண்டியிருந்தது. தேர்ந்தெடுக்கும் வேலையில் வகுப்பே சேர்ந்துகொண்டது.

பணம் அவளுடையது. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வில் வென்றவள் அவள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு ரூ.12,000 அவள் வங்கிக் கணக்கில் சேரும். முதல் ஆண்டுத் தொகை வந்ததும் அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். தையல் வேலை செய்பவர். “மூணு வருசமா எங்க அக்கா மகன் கிட்டார இரவல் வாங்கித்தான் வாசிச்சுது டீச்சர். அவன் இப்ப கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போறான், கிட்டாரையும் எடுத்துட்டுப் போறான். ஒன்பதாயிரம் வரைக்கும் போடலாம். மீதி மூவாயிரம் நோட்டுக்கும் கைடுக்கும் வேணும். எது வாங்கலாம்னு நீங்கதான் சொல்லணும்” என்றார்.

ஆசிரியர் அறையில் இது சும்மா போகவில்லை. “படிக்கக் கொடுத்த பணம் டீச்சர், கிட்டார் வாங்கவா கொடுத்தாங்க?” என்று எங்கள் கணித ஆசிரியர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் மூன்று ஆண்டுகள் இரவல் கருவியில் விடாமல் பயின்ற பெண்ணின் ஆசையை ஒரு வார ஆசை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. செலவை முடிவு செய்வது குடும்பம். அந்தப் பணம் வாசிக்க முடியாத ஒரு மரப்பெட்டிக்குப் போய்விடாமல் பார்ப்பதுதான் எங்களால் ஆவது என்று சொன்னேன். மலிவான கிட்டார் வாங்கிய பிள்ளைகள் பலர் மூன்றே மாதத்தில் அதை மூலையில் சாய்த்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு ஆர்வம் போய்விட்டது என்று பெற்றோர் சொல்வார்கள். பல நேரம் ஆர்வம் போயிருக்காது. கம்பி உயரமாக இருக்கும், விரல் வலி தாங்காது, அழுத்தினால் சுருதி விலகும்.

மின்வசதி தேவைதானா?

கடைக்காரர்கள் ‘செமி அக்கூஸ்டிக்’ என்று சொல்வது நம் நாட்டு வழக்கு. வெளிநாடுகளில் அந்தச் சொல் வேறொரு வகை மின்கிட்டாரைக் குறிக்கும். அங்கே நாம் தேடும் கருவிக்கு ‘அக்கூஸ்டிக் எலெக்ட்ரிக்’ என்று பெயர். இணையத்தில் தேடும் மாணவர் குழம்பாமல் இருக்க இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சாதாரண மரக் கிட்டாரேதான். மின்சாரம் இல்லாமலும் ஒலிக்கும். பிரிட்ஜின் மேல் கம்பிகள் உட்காரும் வெள்ளைப் பட்டைக்கு (அதைச் சாடில் என்பார்கள்) அடியில் ஒரு மெல்லிய பீசோ பட்டை இருக்கும். கம்பியின் அதிர்வு அதை அழுத்தும்போது அதில் மின்னழுத்தம் தோன்றும். இந்த அழுத்த மின் விளைவை 1880-இல் கண்டவர்கள் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள். பியர் கியூரி, மேரி கியூரியின் கணவர் என்று சொன்னால் வகுப்பில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். பீசோ தரும் சைகை மெலிது. அதைச் சீர்செய்து வெளியே அனுப்ப, கிட்டாரின் பக்கவாட்டில் 9 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் சிறு முன்பெருக்கி இருக்கும். சுருதி பார்க்கும் டியூனரும் பெரும்பாலும் அதிலேயே சேர்ந்து வரும்.

இங்கே ஒரு கணக்கு உண்டு. ஒரே விலையில் மின்வசதி உள்ள கிட்டாரும் இல்லாத கிட்டாரும் இருந்தால், முதலாவதில் விலையின் ஒரு பகுதி மின்பொருளுக்குப் போயிருக்கிறது. மரத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் கிடைத்தது மிச்சம்தான். ஆகவே வீட்டுத் திண்ணையில் மட்டும் வாசிக்கப் போகும் பிள்ளைக்கு மின்வசதி இல்லாததையே வாங்கச் சொல்வேன். பிறகு தேவைப்பட்டால், மேல்பலகையில் ஒட்டிக்கொள்ளும் பிக்கப் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது.

இந்த மாணவியின் நிலை வேறு. கலைத் திருவிழாவில் அவள் பாடிக்கொண்டே வாசித்தபோது மேடையில் ஒரே ஒரு மைக். வாயருகே வைத்தால் கிட்டார் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. கிட்டாரின் துளையருகே வைத்தால் ‘ஊ’ என்று ஊளையிட்டது. மைக்கில் புகுந்த ஒலி பெருக்கப்பட்டு ஒலிபெருக்கி வழியே வெளிவந்து, மீண்டும் அதே மைக்கில் புகுந்து சுற்றிக்கொண்டே இருந்ததன் விளைவு அது. காலை வழிபாடு, ஆண்டு விழா, போட்டி என்று அவள் வாசிப்பு எல்லாம் மேடையில்தான். ஆகவே மின்வசதி தேவை என்று முடிவு செய்தோம். தனி ஆம்ப் வாங்கத் தேவையில்லை. மைக் செட்காரர்கள் பி-38 என்று சொல்லும் பெரிய பின் கொண்ட கேபிள் ஒன்று இருந்தால், அவர்கள் மிக்சரிலேயே செருகிக்கொள்ளலாம். கேபிளைச் செருகியதும் முன்பெருக்கி இயங்கத் தொடங்கிவிடும். வாசித்து முடித்ததும் பிடுங்காவிட்டால் மின்கலம் வீணாகும்.

648 மில்லிமீட்டரில் ஒரு தொடர்வரிசை

கடைக்குப் போகும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். கோவை போவதற்கு முன் அண்ணன் தன் கிட்டாரை ஒரு வாரம் பள்ளியில் வைக்கக் கொடுத்தார். அதை மேசையில் கிடத்தி அளக்கத் தொடங்கினோம்.

கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதிந்திருக்கும் பட்டைக்கு நட் என்று பெயர். நட்டிலிருந்து சாடில் வரை உள்ள நீளமே அதிர்வுறும் நீளம். இந்தக் கிட்டாருக்கு அது 648 மி.மீ. வீணையில் நாம் மெட்டு என்பதைத்தான் கிட்டாரில் ஃப்ரெட் என்கிறார்கள். வீணையின் 24 மெட்டுகள் மெழுகின் மேல் பதிக்கப்பட்டவை. கிட்டாரின் ஃப்ரெட்டுகள் மரத்தில் அறையப்பட்டவை. ஒருமுறை தவறினால் தவறியதுதான். முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 36.4 மி.மீ., இரண்டாவது 70.7, மூன்றாவது 103.1. மாணவர்கள் இடைவெளிகளைக் கழித்துப் பார்த்தார்கள். 36.4, 34.3, 32.4 என்று குறைந்துகொண்டே போனது. கூட்டுத் தொடர்வரிசையா என்று கேட்டான் ஒருவன். இல்லை. ஃப்ரெட்டிலிருந்து சாடில் வரை மீதமுள்ள நீளத்தைப் பார்க்கச் சொன்னேன். 648, 611.6, 577.3, 544.9. ஒவ்வொன்றையும் முந்தையதால் வகுத்தால் 0.944 வருகிறது. பத்தாம் வகுப்பின் பெருக்குத் தொடர்வரிசை இதுதான். பன்னிரண்டு முறை இப்படிப் பெருக்கினால் நீளம் சரிபாதியாக வேண்டும், அதிர்வெண் இரட்டிப்பாக வேண்டும். ஆகவே பொது விகிதம் 2-இன் பன்னிரண்டாம் மூலத்தின் தலைகீழி. கணித ஆசிரியரை அழைத்து இதைக் காட்டினேன். அன்றிலிருந்து அவர் கிட்டாருக்கு எதிராக ஒன்றும் சொல்லவில்லை.

ஏழாவது ஃப்ரெட்டை அழுத்தினால் மீதி 432.5 மி.மீ. முழு நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு 432. திறந்த கம்பியை ‘ச’ என்று கொண்டால் அங்கே ‘ப’ ஒலிக்கிறது. ஐந்தாவது ஃப்ரெட்டில் மீதி 485.5, நான்கில் மூன்று பங்கு 486. அங்கே ‘ம’. பன்னிரண்டில் 324, மேல் ‘ச’. இசை தெரிந்த பிள்ளைகள் இந்த அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசுவார்கள். எங்களுக்கு நேரமில்லை.

பாடம் சூடு பிடித்தது வேறோர் இடத்தில். நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை 324 மி.மீ. என்றால், அங்கிருந்து சாடில் வரையும் 324 இருக்க வேண்டும் அல்லவா? மெல்லிய முதல் கம்பியில் 326-க்குச் சற்று அருகில் இருந்தது. தடித்த ஆறாவது கம்பியில் அதைவிடக் கூடுதல். சாடிலே சாய்வாக வைக்கப்பட்டிருந்தது. “தப்பா ஒட்டிட்டாங்க டீச்சர்” என்றது வகுப்பு. தப்பு இல்லை. கம்பியை ஃப்ரெட்டில் அழுத்தும்போது அது கொஞ்சம் நீட்டப்படுகிறது. இழுவிசை கூடுகிறது, அதனால் அதிர்வெண்ணும் கூடுகிறது. அந்தக் கூடுதலைச் சரிக்கட்டவே நீளத்தை இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளர்த்திருக்கிறார்கள். கம்பி ஃப்ரெட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு அதிகமாக நீட்டித்தான் அழுத்த வேண்டும். உயரமான கம்பி விரலையும் நோகடிக்கும், சுருதியையும் கெடுக்கும். மலிவுக் கிட்டாரின் இரண்டு குறைகளுக்கும் ஒரே காரணம் என்று பிள்ளைகளுக்குப் புரிந்தது அங்கேதான்.

மேல்நிலை வகுப்பு நடத்தும் நண்பர்களுக்கு இன்னொரு கணக்கு. முதல் கம்பியின் அதிர்வெண் 329.6 ஹெர்ட்ஸ். நீளம் 0.648 மீட்டர். அலையின் திசைவேகம் இவற்றின் பெருக்கற்பலனின் இருமடங்கு, அதாவது நொடிக்கு 427 மீட்டர். காற்றில் ஒலி செல்வதைவிட இது அதிகம். 0.010 அங்குல, அதாவது 0.254 மி.மீ. தடிமனுள்ள எஃகுக் கம்பியின் ஒரு மீட்டர் நிறை சுமார் 0.0004 கிலோகிராம். இழுவிசை = ஓரலகு நீள நிறை × திசைவேகத்தின் வர்க்கம். விடை ஏறத்தாழ 73 நியூட்டன். ஏழரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். கடையில் பரவலாக மாட்டியிருக்கும் 0.012 அங்குலக் கம்பிக்கு இதே கணக்கைப் போட்டால் 104 நியூட்டனைத் தாண்டும், அதாவது பத்தரைக் கிலோவுக்கு மேல். சுருதி அதேதான். கம்பியை மட்டும் மாற்றினால் விரலுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமான சுமை குறைகிறது. இருநூறு முந்நூறு ரூபாயில் முடிகிற மாற்றம் இது. ஒலி சற்று மெலிந்துதான் போகும். மேடையில் மின்வசதி இருப்பவளுக்கு அது ஒரு பொருட்டல்ல.

அளவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடைகளில் முன்னால் தொங்குவது ‘டிரெட்நாட்’ என்னும் பெரிய உடல். 1906-இல் பிரிட்டிஷ் கடற்படை விட்ட போர்க்கப்பலின் பெயரை அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916-இல் கிட்டாருக்கு வைத்தது. பெயருக்கேற்ற பருமன். எங்கள் மாணவி உயரம் குறைவு. உட்கார்ந்து மடியில் வைத்தால் வலது தோள் காதருகே ஏறியது. இடை ஒடுங்கிய, ஆழம் குறைந்த உடல் அவளுக்குப் பொருந்தியது. பிள்ளையை அழைத்துப் போகாமல் கிட்டார் வாங்காதீர்கள் என்பதற்கு இதுவே முதல் காரணம்.

இருபத்தைந்து தாள்

பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை ஆக்‌ஷன் என்பார்கள். எஃகுக் கம்பிக் கிட்டாரில் ஆறாவது கம்பிக்கு இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர் நல்லது. மூன்றைத் தாண்டினால் வளரும் விரலுக்குக் கடினம். இதைக் கடையில் எப்படி அளப்பது? சாதாரண அளவுகோலில் அரை மில்லிமீட்டரை நம்ப முடியாது. வகுப்பில் 500 தாள் கொண்ட ஏ4 கட்டை அளந்தோம். ஏறத்தாழ 50 மி.மீ. ஆகவே ஒரு தாள் 0.1 மி.மீ. விரலளவு அகலத்தில் தாள்களை நறுக்கி, இருபத்தைந்தை எண்ணி ஒரு கட்டு, பத்து எண்ணி ஒரு கட்டு, உதிரியாகச் சில என்று மாணவி பையில் போட்டுக்கொண்டாள். மீச்சிற்றளவு என்பதை இதைவிட எளிதாக எனக்குக் கற்பிக்கத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மாணவி, அவள் அம்மா, கோவையிலிருந்து விடுப்பில் வந்த அண்ணன், நான் என நால்வரும் மதுரைக்குப் போனோம். பார்த்தது இரண்டு கடைகள், வாசித்தது ஏழெட்டுக் கிட்டார்கள். கொல்கத்தாவிலிருந்து வரும் கிவ்சன், ஹோப்னர் போன்ற பெயர்களும் இருந்தன. யமஹா, ஃபென்டர், ஐபனேஸ் போன்றவையும் இருந்தன. எந்த பிராண்டு என்று என்னைக் கேட்கும் ஆசிரியர்களிடம் நான் பெயர் சொல்வதில்லை. இந்த விலையில் ஒரே மாடலின் இரண்டு கிட்டார்களே ஒன்றுபோல் இருப்பதில்லை. கையில் உள்ள அந்த ஒன்றைத்தான் சோதிக்க வேண்டும்.

மாணவிக்குப் பிடித்தது, ஓரம் கறுத்து நடுவில் தீக்கங்கு போல் ஒளிரும் பளபளப்பான ஒன்று. ஆறாவது கம்பிக்கு அடியில் தாளைச் செருகினாள். இருபத்தைந்து போனது, முப்பத்தைந்தும் போனது. சாடிலைப் பார்த்தால் ஏற்கெனவே மரத்தோடு தாழ்ந்திருந்தது. இனித் தேய்க்க இடமில்லை. பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளின் முனையை வைத்தோம். கால் அங்குலம் உள்ளே போனது. கம்பிகளின் மொத்த இழுப்பில் பிரிட்ஜ் பெயரத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். அவள் முகம் வாடிப்போனது. அம்மா மட்டும் “தையல் பிரிஞ்ச சட்டைய சாயம் நல்லாருக்குன்னு வாங்குவியா?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி என் அரை மணி நேர விளக்கத்துக்குச் சமம்.

அடுத்தது சாதாரண மர நிறம். துளையின் உள்விளிம்பைப் பார்த்தபோது அடுக்கடுக்காகத் தெரிந்தது, அதாவது ஒட்டுப்பலகை. முழுப்பலகை என்றால் மேலே தெரியும் ரேகை அப்படியே விளிம்பில் கீழிறங்கும். முழுப்பலகைக் கிட்டார் ஒன்று ரூ.13,500-க்கு இருந்தது, நல்ல கார்வை. வரம்பைத் தாண்டியது என்பதோடு, அவள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி ஈரத்துக்கும் முழுப்பலகையைவிட ஒட்டுப்பலகை தாக்குப்பிடிக்கும். அந்த வீட்டுக்கு ஒட்டுப்பலகையே சரி என்றுதான் பணம் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

மர நிறக் கிட்டாரில் ஆக்‌ஷன் இருபத்தேழு தாள். முதல் ஃப்ரெட்டையும் பதினான்காவதையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாவதன் மேல் உள்ள சந்தில் தாள் வைத்தோம். மூன்று தாள் சிக்கனமாகப் போனது. கழுத்து வளையவில்லை. மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தியபோது முதல் ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி மயிரிழை இடைவெளியில் நின்றது. நட்டின் உயரமும் சரி. கழுத்தின் ஓரமாக உள்ளங்கையை வைத்து மேலும் கீழும் நகர்த்தினாள். ஃப்ரெட்டின் முனை எங்கும் கீறவில்லை. பிறகு ஆறு கம்பிகளிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி வாசித்தாள். கடைக்காரர் பொறுமையாக இருந்தார். எங்கும் கிர்ர் என்ற இரைச்சல் இல்லை.

சுருதிச் சோதனைக்குக் கைப்பேசி டியூனர் போதும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் இரண்டாவது சீரிசை ஒலிக்கும். அதே இடத்தில் அழுத்தி மீட்டினால் அதே சுரம் வர வேண்டும். அரைச்சுரத்தை நூறு பாகமாகப் பிரித்துச் சென்ட் என்பார்கள். ஐந்து சென்ட்டுக்குள் இருந்தால் போதும். ஐந்து கம்பிகள் தேறின. ஆறாவது எட்டு சென்ட் மேலே நின்றது. ஆக்‌ஷனைக் குறைத்தால் அதுவும் இறங்கும் என்றார் அண்ணன். இறங்கியது.

மின்பகுதியைச் செருகிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. ஒவ்வொரு கம்பியையும் ஒரே வலுவில் மீட்டி, ஏதாவது ஒன்று மட்டும் அமுங்கி ஒலிக்கிறதா என்று கேட்க வேண்டும். கேபிளின் பின்னை மெல்ல அசைத்தால் கரகரப்பு வரக்கூடாது. ஒலி அளவு, கீழ்ச்சுரம், மேல்சுரம் என எல்லாத் திருகுகளையும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஆம்ப்பில் கேட்கும் ஒலி மரத்தில் கேட்கும் ஒலியைவிடச் சற்று வறண்டு, பிளாஸ்டிக் போல இருக்கும். இந்த விலைப் பீசோவின் இயல்பு அது. அதற்காகக் கருவியை ஒதுக்க வேண்டாம்.

இருபத்தேழைத் தாள் கணக்கில் இருபத்து நான்காக இறக்கச் சாடிலை எவ்வளவு தேய்க்க வேண்டும்? மாணவி அங்கேயே சொன்னாள். பன்னிரண்டாவது ஃப்ரெட் நடுப்புள்ளி, நட்டில் உயரம் மாறாது, வடிவொத்த முக்கோணங்கள், ஆகவே 0.3 மி.மீ. இறங்கச் சாடிலில் 0.6 மி.மீ. தேய்க்க வேண்டும். கடைக்காரர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு உப்புத்தாளை எடுத்தார். தட்டையான கண்ணாடியின் மேல் உப்புத்தாளை விரித்து, சாடிலின் அடிப்பக்கத்தைத் தேய்த்தார். அடிப்பக்கம் கோணலானால் கீழே உள்ள பீசோவில் ஓரிடம் மட்டும் அழுத்தம் குறையும், அந்தக் கம்பி ஒலிபெருக்கியில் மெலியும். வீட்டில் கத்தியால் சீவக் கூடாது என்பது இதனால்தான்.

கிட்டார் ரூ.7,600. மூன்று மீட்டர் கேபிள் ரூ.350, பை ரூ.480, 0.010 கம்பித் தொகுப்பு ரூ.250, சாடில் தேய்த்துச் சுருதி சேர்த்ததற்கு ரூ.250. மொத்தம் ரூ.8,930.

தள்ளுபடிக் கணக்கு

அதே மாடல் இணையத்தில் பையோடு சேர்த்து ரூ.7,150. எட்டாம் வகுப்பின் வாழ்வியல் கணிதத்துக்கு இதைவிட நல்ல வினா எனக்குக் கிடைக்காது. அந்தப் பக்கத்தில் அதிகபட்ச விலை ரூ.14,990 என்று அடித்துக் காட்டி, 52% தள்ளுபடி என்று போட்டிருந்தது. கணக்கு சரிதான்; 7,840-ஐ 14,990-ஆல் வகுத்தால் 52.3%. ஆனால் 14,990-க்கு அதை யார் விற்றார்கள்? மதுரைக் கடையில் முதலில் சொன்ன விலையே 8,200. தள்ளுபடி விழுக்காடு எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்று கேட்கப் பழகிய பிள்ளை கிட்டாரில் மட்டுமல்ல, தீபாவளித் துணியிலும் ஏமாறாது.

பை உட்பட ஒப்பிட்டால் கடையில் நாங்கள் ரூ.930 கூடக் கொடுத்திருக்கிறோம். அந்தத் தொகைக்கு என்ன கிடைத்தது என்று எட்டாம் வகுப்பில் விவாதம் வைத்தேன். தாள் செருகிப் பார்த்தது, பிடிக்காததை அங்கேயே விட்டுவர முடிந்தது, பழுதென்றால் பேருந்தில் போய் நிற்க ஒரு வாசல் என்று ஒரு பக்கம் சொன்னது. நல்லது வந்திருந்தால் 930 லாபம்தானே என்று மறுபக்கம். இரண்டும் நியாயம். கையில் உபரி இல்லாத குடும்பத்துக்கு நான் கடையையே சொல்வேன்.

தவணையும் வந்தது பேச்சில். வட்டியில்லாத் தவணை என்று ரூ.9,000-க்கு மாதம் ரூ.1,000 வீதம் ஒன்பது மாதம். செயலாக்கக் கட்டணம் ரூ.199, அதன்மேல் 18% வரி ரூ.35.82. ‘வட்டியில்லை’ என்பதன் விலை ரூ.234.82 என்று பலகையில் எழுதினோம். ஏறத்தாழ ஒரு கம்பித் தொகுப்பு.

வாங்கிய பின்

விரல் நுனி காய்க்கும் வரை இரண்டு மூன்று வாரம் வலிக்கும். இவளுக்கு ஏற்கெனவே காய்த்திருந்தது. புதிதாகத் தொடங்கும் பிள்ளையிடம் நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும் என்று சொல்லுங்கள். ஞாயிறன்று மூன்று மணி நேரம் சேர்த்து வாசிப்பது பலன் தராது. வாசித்ததும் பழைய பருத்தித் துணியால் கம்பியைத் துடைத்தால் வியர்வையில் துருப்பிடிப்பது தள்ளிப்போகும். அம்மாவின் தையல் அறையில் துணிக்குப் பஞ்சமில்லை. வெயில் விழும் பேருந்து இருக்கையிலோ கூரைக்கு நேர் கீழே பரண்மேலோ வைக்கக்கூடாது. சூட்டில் பசை இளகும். வாசிக்காத நீண்ட விடுமுறையில் மின்கலத்தைக் கழற்றி வைக்க வேண்டும், கசிந்தால் முன்பெருக்கியே போய்விடும்.

இந்த ஆண்டு கருவி இசையில் அவள் பெயர் கொடுத்திருக்கிறாள். 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படப் பாடல் ஒன்றின் கிட்டார் பகுதியைப் பயின்றுகொண்டிருக்கிறாள். அது எளிதல்ல, இன்னும் வேகம் வரவில்லை. வரும்போது வரட்டும். மைக் செட்காரரிடம் கேபிளை நீட்டியபோது, “இது போதும்மா, இனி நான் பாத்துக்கறேன்” என்று அவர் மிக்சரில் செருகிக்கொண்டதை ஒத்திகையில் பார்த்தேன்.

ஆக்‌ஷனை அவள் மாதம் ஒருமுறை தாள் வைத்து அளந்து, அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வருகிறாள். மார்ச்சில் 24, மே மாதம் 23. மழைக்காலத்தில் 26. ஈரத்தில் மரம் உப்பி மேல்பலகை எழும்புவதால் கம்பியும் எழும்புகிறது. வகுப்பறையில் தொங்கும் ஈர உலர் வெப்பமானியின் அளவுகளை எதிரே எழுதி, பன்னிரண்டு மாதம் நிறைந்ததும் வரைபடம் போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். இதுவரை ஏழு புள்ளிகள் சேர்ந்திருக்கின்றன.